விளக்கிலும் கூரையிலும் ஒரே தீ

கேள்வி இதுதான்: ஒரே நெருப்பை விளக்கேற்றிக் கும்பிடுகிறோம், அதே நெருப்பைக் கண்டு அலறி ஓடவும் செய்கிறோம். மனித வாழ்வில் தீ எதைக் குறிக்கிறது? அதற்கு ஏன் இரண்டு முகம்?

தீக்கு இரண்டு முகம் கிடையாது என்பதே என் பதில். அகல் திரியில் நடப்பதும் கீற்றுக் கூரையில் நடப்பதும் ஒரே வேதிவினை. வேறுபடுவது அதைச் சுற்றி நாம் கட்டியிருக்கும் கரை. எவ்வளவு எரிபொருள், எவ்வளவு காற்று, எவ்வளவு தூரம், பக்கத்தில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்ற நான்கையும் சேர்த்துத்தான் கரை என்கிறேன். நம் சடங்குகள், வீட்டுப் பழக்கங்கள், தீயைப் பற்றிய சொற்கள் எல்லாம் இந்தக் கரையைக் கட்டிய வேலையிலிருந்து பிறந்தவை. வேலையைப் புரிந்துகொள்ளாமல் குறியீட்டை மட்டும் பேசினால் வெறும் அலங்காரமாகப் போய்விடும். அதனால் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

எண்ணெயும் விறகும் நேராக எரிவதில்லை. சூடேறி ஆவியாக வெளிவருவதுதான் எரிகிறது. விறகு ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியசுக்குச் சூடேறும்போது உள்ளிருந்து எரியக்கூடிய வாயு கிளம்புகிறது. அது காற்றின் ஆக்சிஜனோடு கூடிச் சுடராகிறது. அந்தச் சுடரின் சூடு பக்கத்து விறகிலிருந்து மேலும் வாயுவைக் கிளப்புகிறது. ஆக, தன் அடுத்த வேளைச் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும் ஒன்று தீ. போதும் என்பது அதற்குத் தெரியாது. நிறுத்த வேண்டுமானால் எரிபொருள், காற்று, சூடு மூன்றில் ஒன்றை நாம்தான் எடுக்க வேண்டும். காற்றில் 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் 15-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான சுடர்கள் தாங்காமல் அணைந்துவிடும்.

அகல் விளக்கில் இந்தக் கரையைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிண்ணம் நிறைய எண்ணெய் இருக்கிறது, ஆனால் கிண்ணம் பற்றிக்கொள்வதில்லை. காரணம் திரி. பஞ்சிழைகளுக்கு நடுவேயுள்ள நுண்ணிய இடுக்குகள் வழியாக எண்ணெய் மேலேறுகிறது. ஏறிய அளவுதான் எரிய முடியும். திரியை மிக இறுக்கமாக முறுக்கினால் எண்ணெய் ஏறாது, சுடர் சுருங்கித் திரியே கருகும். தளர விட்டால் தேவைக்கு மேல் ஏறிச் சுடர் பெருத்துப் புகையும். நுனி எண்ணெய்க்கு மேல் அரை சென்டிமீட்டர் நீண்டிருந்தால் போதும். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் கரி கக்கத் தொடங்கும். விளக்கெண்ணெய் பிசுபிசுப்பானது, மெல்ல ஏறும், நின்று எரியும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்குவதால் மார்கழி விடியலில் சரியாக எரியாது.

சுடரின் மஞ்சள் நிறம் வேறொன்றுமில்லை, எரிந்து முடியாத கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வது. அதே கரி சுவரில் படிந்தால் அழுக்கு. விளக்கெண்ணெய் விளக்கின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, படிந்ததை வழித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்தால் கண்மை.

விளக்கோடு தமிழ் வைத்திருக்கும் உறவு சொற்களில் தெரியும். திரியை முன்னே தள்ளிச் சுடரைப் பெரிதாக்குவது ‘தூண்டுதல்’. ஒருவரை ஒரு செயலுக்குக் கிளப்பிவிடுவதற்கும் அதுவே சொல். கைபடாமல் எண்ணெய் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும்படி செய்த தொங்குவிளக்குக்குத் தூண்டாமணி விளக்கு என்று பெயர். வேலை முடிந்ததும் விளக்கை ‘அணை’ என்று சொல்லப் பெரியவர்களுக்கு மனம் வராது. அமர்த்து, குளிர வை, மலையேற்று என்பார்கள். சாமி வந்து ஆடியவரிடமிருந்து அருள் இறங்குவதற்கும் ‘மலையேறுதல்’தானே சொல். வந்த விருந்தாளியை வழியனுப்பும் மரியாதை அதில் இருக்கிறது. வாயால் ஊதக் கூடாது என்பதற்கும் நடைமுறைக் காரணம் உண்டு. ஊதினால் சூடான எண்ணெய் தெறிக்கும், திரி நுனியின் கங்கு பறந்து எங்கோ விழும். திரியைப் பூக்காம்பால் எண்ணெய்க்குள் இழுத்துவிட்டால் சத்தமில்லாமல் அடங்கும்.

அடுத்தது அடுப்பு. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் கிடைத்த சாம்பலும் கருகிய எலும்பும் ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுப் பழையவை. அவ்வளவு நீளமான உறவு இது. தமிழில் பசியே ஒரு தீ: பசித்தீ, வயிற்றெரிச்சல், அடிவயிற்றில் நெருப்பு. எவ்வளவு தின்றும் அடங்காத பசி நோய்க்குப் பழைய பெயர் யானைத்தீ. வயிற்றுத் தீயை அணைக்க வேண்டுமானால் அடுப்புத் தீ எரிய வேண்டும். இதை யாரையும்விட நேராகப் புரிந்துகொண்டவர் வள்ளலார் என்று நினைக்கிறேன். 1867-இல் வடலூர் தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்புக்கு அணையா அடுப்பு என்றே பெயர். அங்கே இன்றும் சோறு போடுகிறார்கள். தீயை வணங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்ற வழக்கத்திலும் இதே பொருள்தான் மறுபக்கமாக வருகிறது. அடுப்பு எரிவது வீடு உயிரோடு இருப்பதன் அடையாளம். அன்றைய சோறு அக்கம்பக்கத்து அடுப்பிலிருந்தோ சொந்தக்காரர் வீட்டிலிருந்தோ வரும்.

அந்த அடுப்பே ஆளைக் கொல்வதும் உண்டு, பெரும்பாலும் சுடர் இல்லாமலே. வீட்டுச் சமையல் புகையால் 2020-இல் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மலைப்பகுதி விடுதியிலோ கூடாரத்திலோ குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தூங்குவது இன்னும் கொடுமையானது. காற்று குறைந்த இடத்தில் கங்கு கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம், அவ்வளவுதான். புகை தெரியவில்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளமே இல்லை. கணப்பை வெளியே வைத்துக் குளிர் காய்ந்துவிட்டு உள்ளே வந்து போர்த்திக்கொள்ள வேண்டும்.

வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், ஏன் என்று தெரிந்தால்தான் பதற்றத்தில் கை தானாக நிற்கும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடிக்குப் போகும். 300 டிகிரிக்கு மேலிருக்கும் எண்ணெயின் அடியில் அது நொடியில் ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். மேலே இருக்கும் எரிகிற எண்ணெய் கூரைவரை வீசியடிக்கப்படும். அடுப்பை நிறுத்துங்கள், வாணலியைத் தூக்காதீர்கள், தட்டையோ மூடியையோ பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். சீக்கிரம் திறந்தால் காற்று கிடைத்து மறுபடி பற்றும். சமையல் எரிவாயு காற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு பரவி மேடைக்கு அடியிலும் மூலையிலும் தேங்கும். மேலே இருக்கும் சன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, கதவுகளைத் திறந்து தரைமட்டத்திலேயே வெளியே போக விட வேண்டும். விளக்கு சுவிட்சைப் போடவும் கூடாது, எரிவதை நிறுத்தவும் கூடாது, இரண்டிலும் பொறி உண்டு. உடலில் சுட்டுக்கொண்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு, பனிக்கட்டி எதுவும் வேண்டாம்.

கரை என்று சொன்னேனே, அதைக் கலையாகவே செய்பவர்கள் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போடுபவர்கள். சீமைக் கருவேல விறகை அடுக்கி, கனமான கட்டைகளை நடுவிலும் மெல்லியவற்றை ஓரத்திலும் செருகி, இடைவெளியைச் சுள்ளியால் அடைத்து, மேலே வைக்கோலோ தழையோ பரப்பி, அதன்மேல் ஈரமண்ணைக் கனமாகப் பூசுவார்கள். தீ வைத்த வாயை மூடிவிட்டு அடியில் சிறு துளைகளை மட்டும் விடுவார்கள். உள்ளே விறகு எரியக் கூடாது, வேக வேண்டும். முதலில் வரும் கனத்த வெண்புகை பெரும்பாலும் விறகின் ஈரம். அது மஞ்சளித்து, பிறகு மெலிந்து நீலமானால் உள்ளே கரியாகிவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் துளைகளை அடைக்க வேண்டும். தாமதித்தால் கரியே எரியத் தொடங்கிச் சாம்பலாகும். விறகு சுருங்கச் சுருங்க மூட்டம் அமிழ்ந்து மண்பூச்சு வெடிக்கும், வெடிப்பு வழியே காற்று புகும். அதனால் இரவிலும் ஒருவர் மண்ணும் தண்ணீருமாகச் சுற்றிவந்துகொண்டே இருப்பார். எல்லாம் சரியாக நடந்தாலும் விறகின் எடையில் நான்கில் ஒரு பங்கு கரி கிடைத்தால் நல்ல மூட்டம். பிரித்த உடனே சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றினால் உள்ளே மறைந்திருக்கும் கங்கு வழியிலேயே மூண்டுவிடும். ஒரு நாளாவது பரப்பி வைத்துப் பார்க்க வேண்டும்.

இதன் நேர்மாறு திருநீறு. பசுஞ்சாண உருண்டைகளைக் காயவைத்து, பதரும் வைக்கோலும் மூடி மெல்லப் புகைய விடுவார்கள். இங்கே நோக்கம் கரி எதுவும் மிஞ்சாமல் வேக வைப்பது. நீறு வெள்ளையாக வராமல் கருத்திருந்தால் காற்று போதவில்லை அல்லது உருண்டை உள்ளே காயவில்லை. ஒரே மூட்டத்தில் காற்றைக் கொஞ்சம் கூட்டினால் சாம்பல், குறைத்தால் கரி. சாம்பலைத் தீயால் மறுபடி ஒன்றும் செய்ய முடியாது. நெற்றியில் இடுவதன் பொருள் அதுதான்: எரிய வேண்டியதெல்லாம் எரிந்து முடிந்தபின் எஞ்சுவது.

பூக்குழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்குதான் குறியீடும் இயற்பியலும் அதிகம் குழம்புகின்றன. திரௌபதி அம்மன் கோயில்களில் இறங்கும் தீமிதியும், சத்தியமங்கலம் அருகே பண்ணாரியில் பங்குனியில் நடக்கும் குண்டமும், சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் தீபாவளிக்குமுன் நடக்கும் தீமிதியும் ஒரே முறையில் அமைந்தவை. விறகை எரித்துச் சுடர் முழுதும் அடங்கிக் கங்காகும்வரை விட்டு, நீண்ட கழிகளால் தட்டிச் சமன் செய்து, மேலே நிற்கும் சாம்பலை வீசி விலக்குவார்கள். கங்கின் சூடு 500 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். ஆனால் மரக்கரி வெப்பத்தை மிக மெல்லக் கடத்தும், அதற்குள் தேங்கியிருக்கும் வெப்பமும் குறைவு. ஒவ்வொரு பாதமும் அரை நொடி அளவே தொடுகிறது. 200 டிகிரித் தோசைக்கல்லில் விரல் பட்டதும் கொப்புளிக்கிறது, அதைவிடச் சூடான கங்கில் நடந்தவர் சுகமாக அக்கரை ஏறுகிறார் என்பதற்குக் காரணம் இரும்புக்கும் கரிக்கும் உள்ள இந்த வேறுபாடு.

தவறு எங்கே நடக்கிறது? சுடர் அடங்குமுன் அவசரப்படுவது. கங்குக்குள் ஆணியோ கல்லோ கிடப்பது. ஓடுவது: ஓடும்போது கால்விரல் கங்குக்குள் ஊன்றிப் புதையும், விரலிடுக்கில் கங்கு சிக்கும். நடுவில் தயங்கி நிற்பது. மெட்டியும் கொலுசும் சூடேறுவது. முன்னே போனவர் விழ, பின்னால் வருபவர் அவர்மேல் விழுவது, இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கையில் குழந்தையோடு இறங்குவதை எந்த நேர்த்திக்கடனும் நியாயப்படுத்தாது. முடிவில் இருக்கும் பால்குழியில் வழுக்காமல் தாங்கிப் பிடிக்க இரண்டு பேர் நிற்க வேண்டும்.

போருக்குப் பின் திரௌபதி தீயில் இறங்கித் தன் தூய்மையைக் காட்டினாள் என்பது இந்த விழாவின் கதை. சீதைக்கும் இதையே செய்தார்கள். தீ பொய்யைச் சுடும், மெய்யைச் சுடாது என்ற குறியீடு உலகில் பல இடங்களில் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. சீராக நடந்தால் பொய்யர் பாதமும் சுடாது, கால் இடறினால் உத்தமர் உடலும் வேகும். பூக்குழியின் உண்மையான பொருள் அதற்கு முன்னால் இருக்கிறது: காப்புக் கட்டி நாள்கணக்கில் விரதம் இருந்தது, ஊரே சேர்ந்து விறகு கொண்டுவந்து அடுக்கியது, பயத்தோடு ஒரு விளிம்பில் நின்று முதல் அடி வைத்தது. பெண்ணிடம் நிரூபணம் கேட்கும் கருவியாகத் தீயைக் காட்டும் பகுதியைக் கதையோடு விட்டுவிடலாம்.

சாட்சியாகவும் தீ வருகிறது. வைதீகத் திருமணத்தில் அக்கினியை வலம்வருவது, அழுக்கு ஒட்டாத ஒன்றைச் சாட்சிக்கு அழைப்பது. ஆனால் சாட்சிக்குத் தீ கட்டாயமா என்று கேட்டவர்களும் இந்த மண்ணிலேயே இருந்தார்கள். சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கி 1967-இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் சொல்லி மாலை மாற்றினாலே போதும். தீயின் இடத்தில் மனிதர்கள் நின்றார்கள்.

இனி அழிவுக்கு வருவோம். இங்கே ஒரு வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்: கரை உடைந்து பரவிய தீ வேறு, மனிதர் ஏவிவிட்ட தீ வேறு. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தார்கள். மதிய உணவு சமைத்த இடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. குழந்தைகளுக்குச் சோறாக்க மூட்டிய அடுப்பு அது. அடுப்புக்கும் கூரைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை, வெளியே ஓடப் போதிய வழியும் இல்லை. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீ மேட்டை நோக்கி ஓடும்போது மேலுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுவதால், ஒவ்வொரு 10 டிகிரிச் சரிவுக்கும் அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆகவே சரிவில் தீயைக் கண்டால் மேல்நோக்கி ஓடக் கூடாது. பக்கவாட்டில் விலகி வெறும் பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து கருத்துக் கிடக்கும் நிலத்துக்கோ போக வேண்டும். தீ தின்று முடித்த இடத்துக்குத் திரும்ப வராது. வனத்துறை கோடைக்குமுன் புல்லை வெட்டியும் கவனமாக எரித்தும் போடும் தீத்தடுப்புக் கோடும் இதே அறிவுதான்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டதையும், 1981-இல் மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதையும் இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது. அவற்றை ‘தீயின் அழிக்கும் இயல்பு’ என்று எழுதுவது கொளுத்திய கையை மறைப்பதாகும். கண்ணகி மதுரையை எரித்த கதையில்கூட, அவ்வளவு சினத்திலும், குழந்தைகளை, முதியவர்களை, அறவோரை, பசுக்களை, பத்தினிப் பெண்களை விட்டுவிடு, தீயவர் பக்கம் போ என்று அவள் தீக்குக் கட்டளையிடுகிறாள். பழங்கதை தன் தீக்குப் போட்ட கரையைக்கூட வெண்மணியில் தீ வைத்தவர்கள் போடவில்லை.

கடைசித் தீயிலும் கரை உண்டு. பல ஊர்களில் சிதையை எருவாட்டியும் வைக்கோலும் கொண்டு மூடி மேலே சேறு பூசிப் புகைத்துளை விடுவார்கள். கரிமூட்டத்தைப் போலவே அமைப்பு. திறந்த சிதையில் வெப்பத்தில் பெரும்பங்கு வானத்துக்குப் போவதால் விறகு நூற்றுக்கணக்கான கிலோ தேவைப்படும். சேறு அந்த வெப்பத்தை உள்ளேயே நிறுத்தி, குறைந்த எரிபொருளில் இரவு முழுதும் வேகவைத்துவிடும். பூச்சு ஓரிடத்தில் சரிந்தால் அந்தப் பக்கம் வேகமாக எரிந்து மறுபக்கம் அரைகுறையாக நிற்கும். அடுத்த நாள் போய்ப் பால் தெளித்து எலும்பு பொறுக்குவதற்குக் காடாற்று என்று பெயர். காட்டை ஆற்றுவது, அதாவது குளிரவைப்பது. தீ வைத்தவர்களே போய் அதைத் தணிக்கவும் வேண்டும், அதுவரை சடங்கு முடியவில்லை. பூக்குழியின் பால்குழியும் இதே தணிப்புதான்.

திருவண்ணாமலையில் இவை எல்லாம் ஒன்றாகக் கூடுகின்றன. பஞ்சபூதத் தலங்களில் அது அக்கினித் தலம். அடியும் முடியும் காண முடியாத தீப்பிழம்பாகச் சிவன் நின்றார், அது குளிர்ந்து மலையாயிற்று என்பது தலத்தின் கதை. கரையே இல்லாத தீ என்ற எண்ணத்தைத் தமிழர்கள் வைத்திருக்கும் இடம் இது. ஆனால் கார்த்திகை நாளில் 2,668 அடி உச்சியில் ஏற்றும் தீபத்துக்குக் கரை உண்டு: செம்புக் கொப்பரை, ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத்துணித் திரி, அளந்து ஏற்றும் ஆயிரக்கணக்கான கிலோ நெய், 11 நாள் கணக்கு. உச்சியில் காற்று பலமாக அடிப்பதால் திரியையும் நெய்யையும் ஆட்கள் இருந்து கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நாள் முடிந்ததும் கொப்பரை மலையிறங்குகிறது. அதில் படிந்த கரியைத் தீப மையாக்கி, ஆருத்ரா தரிசனத்தன்று நடராசருக்குச் சாத்தி, பிறகு வந்தவர்களுக்கு நெற்றியில் இட்டுக்கொள்ளக் கொடுக்கிறார்கள்.